ஏழாம் எண் கதைக்கு வரைந்த படம்

மார்ச் 3, திங்கள்

ஓவியக் குழுவில் ஏழாம் எண் உறையை எடுத்தவருக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஓவியக் குழுவின் படங்களை நான் "கிறுக்கல்" என்று சொன்னதாக லிஃப்டில் பேசிக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லை நான் பயன்படுத்தவில்லை. "கவனக்குறைவு" என்றுதான் சொன்னேன். கவனக்குறைவைத் திருத்த முடியும்; அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் நினைவூட்டுகிறேன். எழுத்துக் குழுவின் கதைகள் திங்கட்கிழமை பெயரில்லாமல், எண் மட்டும் போட்ட உறையில் கிளப் ஹால் அலமாரிக்குப் போகின்றன. ஓவியக் குழுவில் ஒருவர் சீட்டு எடுத்து, வியாழக்கிழமைகளில் அதற்குப் படம் வரைகிறார். கண்காட்சி நாள்வரை எழுதியவரும் வரைந்தவரும் சந்திக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை எழுதி உறைக்குள் வைக்கலாம். நல்ல ஏற்பாடு. நேரில் பேசினால் முகதாட்சண்யம் வந்துவிடும்.

என் கதையில் அந்தப் பெண் கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். விருந்தாளிகள் முன்னால் அதிகம் சிரித்துவிட்டாள் என்பதற்காகக் கணவர் அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். இரண்டு நாள் திருப்பித் தருவதில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குச் சுவரும் வாசலும் ஒன்றுதான். கதை அவ்வளவே.

நீங்கள் அவளைப் பால்கனியில் நிறுத்தியிருக்கிறீர்கள். கதவு உள்பக்கம் தாழிடப்பட்டிருக்கிறது. உள்ளே ஒருவர் பேப்பர் படிக்கிறார். நிழலைப் பார்த்தால் உச்சிவெயில். போதாக்குறைக்கு, அவள் காலுக்கடியில் ஒரு துண்டு நான்காக மடித்துப் போடப்பட்டிருக்கிறது. அது எதற்கு? கதையில் இல்லாத பொருள் படத்தில் இருந்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

கோடுகள் நன்றாக இருக்கின்றன, முக்கியமாகக் கைகள். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். படத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். திருத்தி வரையவும்.

எண் 7


மார்ச் 6, வியாழன்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எழுதியது யார் என்று தெரியக் கூடாதுதான். ஆனால் உங்கள் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. எங்களைக் கவனக்குறைவு என்று சொன்னது ஏ பிளாக் ஐந்தாம் மாடி அம்மா, குடியிருப்புச் சங்கத்தின் முதல் தலைவர் வீட்டம்மா என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

துண்டு எதற்கு என்று கேட்டீர்கள். பதினொரு மணிக்கு மேல் பால்கனித் தரை காலைப் பொசுக்கிவிடும். செருப்பு உள்ளே இருக்கும். கொடியில் காயும் துண்டை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கும். ஈரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம். மூன்று மணிக்கு எதிர் பிளாக்கின் நிழல் வந்துவிடும். அப்புறம் பரவாயில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன் நான் துணி ஆலையில் டிசைன் வரைந்துகொண்டிருந்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் எனக்கு வரைய வரும். வேறு படம் வரைந்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? கதையில் அந்தக் கணவர் சொல்கிறாரே, "வெளியில போய்க் கேட்டுப் பாரு, என்னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு." அந்த வாக்கியம் உங்களுக்கு எங்கே கிடைத்தது?

இந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.


மார்ச் 10, திங்கள்

பி பிளாக் மூன்றாம் மாடிக்கு,

நானும் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று மணிக்கு எங்கள் பிளாக்கின் நிழல் விழுகிற பால்கனிகள் ஆறு. அதில் கொடி கட்டியிருப்பது இரண்டில். ஒன்றில் இருப்பவர் எண்பது வயதுக் கப்பல் எஞ்சினியர். அவரை யாரும் வெளியே நிறுத்த முடியாது. மிச்சம் நீ. என் மகனைவிட நீ சின்னவள் என்பதால் இனி "நீ" என்றே எழுதுகிறேன்.

உன்னை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். என் சாப்பாட்டு மேசையிலிருந்து நேரே தெரியும். கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்பாய். போன மாதம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் நான் சொன்னது இது: "அந்தப் பொண்ணுக்கு வெயில்னா உசுரு போல. இவ்வளவு வெயில் உடம்புக்கு ஆகாதுன்னு வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்களா?" இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அந்த வாக்கியம் கற்பனை. கதை எழுதுகிறவர்கள் வாக்கியங்களை உண்டாக்குவார்கள். நான் சுவரில் காது வைக்கிறவள் அல்ல, அடுத்த வீட்டு விஷயத்தை எழுதிப் பெயர் வாங்குகிறவளும் அல்ல.

உன் வீட்டுக்காரரை நினைத்துப் பார்க்கிறேன். பாதுகாப்புக் குழுச் செயலாளர். கேமராவும் வாசல் பதிவேடும் அவர் பொறுப்பு. போன வருடம் என் கதவுப் பூட்டு கெட்டபோது அவரே வாங்கி வந்து மாற்றிக் கொடுத்தார். ஒரு வாய் காபிகூட வேண்டாம் என்றுவிட்டார். "தங்கமான மனுஷன்" என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற வயதை நான் எப்போதோ கடந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

எத்தனை நாளாக இது? யாருக்குத் தெரியும்? உன் வாசலுக்கு நேரே கேமரா இருப்பதால் நான் வரவில்லை. எழுது.

உன் தாளைக் கிழித்துவிட்டேன். அதற்கு முன் இரண்டு முறை படித்தேன்.


மார்ச் 13, வியாழன்

அம்மாவுக்கு,

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாக் கதைகளையும் கிளப் ஹால் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அவர் ஆபீஸிலிருந்து வரும் வழியில் நின்று படித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்தார், கை கழுவினார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யார்கிட்ட சொன்னே?"

"என்னங்க?"

"ஏழாம் நம்பர் கதை. கண்ணாடின்னு மாத்திப் போட்டிருக்கு. ஆனா நான் சொல்ற வார்த்தை அப்படியே இருக்கு. யார்கிட்ட சொன்னேன்னு மட்டும் சொல்லிடு. நான் கோபப்பட மாட்டேன்."

அவர் கோபப்படுவதே இல்லை அம்மா. அதுதான் பயமே.

செவ்வாய்க்கிழமை முழுக்க கேமராப் பதிவுகளைப் பார்த்தார். ஒரு மாதத்தில் நான் யாரோடெல்லாம் பேசினேன் என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். கிளப் ஹால் வாசலில் நீங்கள் என்னிடம் "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று சொன்னதுகூட அதில் இருக்கிறது. என் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஓவியக் குழுவுக்கு மட்டும் விடுகிறார். நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள். இந்த உறை ஒன்றுதான் அவர் கண்ணில் படாதது.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். ஆறு வருஷம். யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது ஒரு கதை. நான் உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 17, திங்கள்

பெண்ணுக்கு,

கதையைத் திரும்ப வாங்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள். இப்போது எடுத்தால், பயந்து எடுத்தார்கள் என்றுதான் அவர் நினைப்பார். பயந்தவர்களிடம் விஷயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பதில் வேறொன்று செய்தேன். ஒரு தாளில் "ஏழாம் எண் கதையை எழுதியது நான். அதில் வருவது எல்லாம் என் கற்பனை. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, பலகையில் கதைக்குப் பக்கத்தில் என் கையாலேயே குத்தினேன். ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார். "அம்மா, விதிப்படி கண்காட்சி வரைக்கும் பேரு வெளியில வரக் கூடாது" என்றார். "விதியை எழுதினவரே எங்க வீட்டுக்காரர்தான், நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றேன். செத்தவரிடம் எப்படிப் பேசுவேன் என்று அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது எங்கள் பிளாக் லிஃப்டில், அங்கே வேலை எதுவும் இல்லாத உன் வீட்டுக்காரர் இருந்தார். நான் கேட்காமலே ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்தினார்.

"அம்மா, உங்க கதைன்னு இப்பத்தான் பார்த்தேன். பிரமாதம்."

"நன்றி."

"நேர்ல பார்த்த மாதிரியே எழுதியிருக்கீங்க."

"அதுதான் எழுத்து."

"ஆமாமா." சிரித்தார். "பூட்டு நல்லா இருக்கா? ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

இல்லை என்றேன். வீட்டுக்குள் போய்ச் சாவிகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு இருந்தன. பூட்டு வந்த அட்டைப் பெட்டியைப் பத்திரப்படுத்தியிருந்தேன், நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை. பெட்டியின் மேல் மூன்று சாவிகள் என்று அச்சடித்திருக்கிறது.

இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. அந்த அறிக்கையை அவர் நம்பினாரா என்று மட்டும் தெரிவி.


மார்ச் 20, வியாழன்

அம்மா,

நம்பவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நாப்பத்திரெண்டு வருஷம் அந்த மனுஷன்கூட ராணி மாதிரி வாழ்ந்தவங்க. தெருவுல நடந்தாக்கூட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாராம். அவங்களுக்கு இதெல்லாம் எங்கேருந்து தெரியும்? நீ சொல்லாம?"

கண்காட்சி ஐந்தாம் தேதி சனிக்கிழமை. மறுநாள் லாரி வருகிறது. வேறு ஊரில் வீடு பார்த்துவிட்டார். "அக்கம்பக்கத்துல வீடே இல்ல, நிம்மதியா இருக்கலாம்" என்றார். அவர் நிம்மதி என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இனி எழுதாதீர்கள்.


மார்ச் 24, திங்கள்

பெண்ணே,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

போன வாரம் நான் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்திட்டுப் பலகையில் குத்தினேன். நான் கான்வென்ட்டில் படித்தவள். பொய் சொன்னால் வராந்தாவில் முழங்கால் போட வேண்டும், எல்லா வகுப்பும் கடந்து போகும்வரை. எழுபத்து நான்கு வயதில் அந்த வராந்தா ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதையில் கற்பனையே கிடையாது, நீ கேட்ட அந்த வாக்கியம் உட்பட.

கல்யாணமான இரண்டாம் மாதம். என் கணவருடைய அலுவலக நண்பர் ஒருவர் வந்திருந்தார். ஏதோ நகைச்சுவை சொன்னார், நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் போனதும் என் கணவர் எதிரில் வந்து நின்று, இரண்டு கையாலும், ஒரு கண் டாக்டர் கழற்றுவதுபோல அவ்வளவு மென்மையாக என் கண்ணாடியைக் கழற்றினார். பைக்குள் வைத்தார். "ரெண்டு நாள் கண்ணுக்கு ஓய்வு குடு" என்றார். எனக்கு மைனஸ் ஒன்பது. கைக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் பஞ்சு.

அதன் பிறகு சட்டை தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் பையை ஆழமாக வைக்கச் சொல்வார். பேனாவுக்காக என்று தையல்காரர் நினைத்தார். துணியோடு அளவைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

தெருவில் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார் என்று உன் வீட்டுக்காரர் சொன்னது உண்மை. எனக்குக் கண் தெரியாது, அதனால் பிடித்துக்கொள்வேன். "ஜோடின்னா இவங்கதான், இந்த வயசுலயும் பாரேன்" என்று பின்னால் பேசுவது காதில் விழும். அவர் என் கையைத் தட்டிக் கொடுப்பார். அவர் இறந்து பத்து நாள் கழித்து நான் மூன்று கண்ணாடிகள் வாங்கினேன். அறைக்கு ஒன்று.

கிளப் ஹாலில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் திங்கட்கிழமைதோறும் நாங்கள் கதை எழுதுகிறோம். யாருக்கும் தெரியாமல், எண் மட்டும் போட்டு, ஒரே ஒரு முறை அதை எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் எழுதியது உன் தலையில் விழும் என்று தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, அதைத் தோண்டி எடுக்கவும் ஒழுங்காகத் தெரியவில்லை.

உனக்கு யார் இருக்கிறார்கள்? ஒருவர் போதும். பெயர் வேண்டாம், எப்படித் தொடர்புகொள்வது என்று மட்டும் எழுது. என் போனை யாரும் வாங்கி வைக்கவில்லை.


மார்ச் 27, வியாழன்

அம்மா,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். அப்புறம் தண்ணீரில் கரைத்துவிட்டேன்.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். நான்கு வருஷமாகப் பேச்சில்லை, அவர் பேச விடவில்லை. அக்கா அதற்கப்புறம் வீடு மாறிவிட்டாள், புது விலாசம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன் எண் மட்டும் மனப்பாடம். கீழே எழுதியிருக்கிறேன். அவள் அந்த எண்ணை மாற்றாமல் இருப்பது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் எப்படி வருவேன்? வாசலில் கேமரா, பார்க்கிங்கில் கேமரா. எல்லாம் அவர் போனிலேயே தெரியும். கூப்பிட்டால் எடுப்பதற்குள் மூன்று முறை மணி அடித்தாலே ஏன் என்று கேட்பவர். எனக்குக் கால் வராது அம்மா.

இன்னொன்று. கோபப்படாதீர்கள். நாற்பத்திரண்டு வருஷம் நீங்கள் போகவில்லை. உங்களுக்குப் படிப்பு இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, பேசினால் நாலு பேர் கேட்பார்கள். நீங்களே இருந்துவிட்டு என்னை மட்டும் போகச் சொல்வது ஊருக்கு உபதேசம் மாதிரி இருக்கிறது. ஐயா பெயரையும் இந்த வயதில் ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள்?

இந்த முறை உறையின் நாடா முடிச்சு வேறு மாதிரி இருந்தது. யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.


மார்ச் 31, திங்கள்

பெண்ணே,

முடிச்சை மாற்றியது நான். நீ போட்டிருந்தது அவிழும்படி இருந்தது. சொல்லாமல் மாற்றியது என் தப்பு.

நான் ஏன் போகவில்லை என்று கேட்டாய். பிள்ளைக்காக, மானத்துக்காக என்று என்னிடம் நிறையப் பதில் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு அந்தப் புகழ் பிடித்திருந்தது. தலைவர் வீட்டம்மா என்று முதல் வரிசையில் நாற்காலி போடுவார்கள். கண்ணாடி இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தெரியாத முகங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலிக்குக் கொடுத்தது போதும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. உனக்கு அப்படி ஒரு நாற்காலிகூட இல்லை. நீ எதற்காக இருக்க வேண்டும்?

உன் அக்காவிடம் பேசிவிட்டேன். நான் யார் என்று சொல்வதற்குள், "அவ உசுரோட இருக்காளா?" என்றாள். பிறகு பேச முடியாமல் போனை வேறொருவரிடம் கொடுத்தாள். புது விலாசம் என்னிடம் இருக்கிறது.

இனிக் கவனமாகப் படி, மனப்பாடம் செய்துவிட்டுக் கரைத்துவிடு.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கண்காட்சி. எழுதியவர்கள் அவரவர் கதையை மேடையில் படிப்பார்கள். கதை முடியும்வரை, வரைந்தவர் துணி மூடிய படத்தோடு பக்கத்து அறையில் காத்திருக்க வேண்டும். அந்த அறைக்குப் பார்க்கிங் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. ஏழாம் எண் நாலே முக்காலுக்கு வரும். உன் வீட்டுக்காரர் முதல் வரிசையில் இருப்பார். அக்கா டாக்சியில் வருவாள். என் விருந்தாளி என்று வாசல் பதிவேட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன், உறவினர் என்று. பொய் இல்லை.

நான் முதல் வரியைப் படிக்கத் தொடங்கியதும் நீ எழுந்து போக வேண்டும். அவர் அப்போது தன் போனைப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். கதையில் இருக்கும் கணவர் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், ஹாலில் மாட்டியிருக்கும் என் கணவர் படத்தைக் காட்டி. அதற்குப் பிறகு அந்த ஹாலில் யாரும் வேறெங்கும் பார்க்க மாட்டார்கள். மெதுவாகத்தான் படிப்பேன், பதினைந்து நிமிடம்.

என் கணவர் போய்ச் சேர்ந்த இரண்டு வருடத்தில் நான் இப்படிப் பயந்ததில்லை. நாற்காலியைக் கதவில் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் பகலில்கூடக் குளிக்கப் போகிறேன். ஆனாலும் செய்வேன்.

அந்த எண் உன் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும் என்பதால், அக்கா சனிக்கிழமையிலிருந்து தன் போனை அணைத்து வைக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.


ஏப்ரல் 3, வியாழன்

அம்மா,

வருகிறேன். கால் வருமா என்று தெரியாது, ஆனால் வருகிறேன்.

இரண்டாவதாக வரைந்த படத்தைக் கிழித்துவிட்டேன். சட்டத்தில் முதல் படத்தை வைத்துத் துணியால் மூடியிருக்கிறேன். திருத்தவில்லை.


ஏப்ரல் 8, செவ்வாய்

பெண்ணுக்கு, உன் அக்கா வீட்டு விலாசத்தில்,

இதை நானே நடந்துபோய் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தபால் நிலையத்தில் போடுகிறேன். குடியிருப்பு வாசல் பெட்டியில் போட மனம் வரவில்லை.

சனிக்கிழமை நடந்ததை நான் பார்த்தவரை எழுதுகிறேன். மேடையில் ஏறி, சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இந்தக் கதையின் நாயகர் இவர்" என்றேன். யாரோ கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்கள். படிக்க ஆரம்பித்தேன். தாள் மைக்கில் பட்டுப் பட்டு ஓசை வந்தது. உன் வீட்டுக்காரர் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம்வரை அப்படித்தான். பிறகு அவர் தொடைமேல் வெளிச்சம் தெரிந்தது. போன். குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் மெல்ல எழுந்தார்.

நான் படிப்பதை நிறுத்தினேன். மைக்கிலேயே சொன்னேன்: "செயலாளர் சார், உட்காருங்க. இன்னும் முடியலை. உங்களுக்குப் பிடிச்ச வாக்கியம் இனிமேத்தான் வருது."

இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். உட்கார்ந்தார். அந்த வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். சட்டைப் பையைப் பற்றிக் கதையில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் கணவரின் சட்டையைப் பார்த்ததை நான் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் உன் வீட்டுக்காரர் மறுபடி எழுந்தார். இந்த முறை என் குரலுக்கு நிற்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் பக்கத்து அறைக்குப் போய்ப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து துணியை எடுத்தார். கப்பல் எஞ்சினியர் எழுந்து, "இது நம்ம பி பிளாக் பால்கனியாச்சே" என்றார். அதன் பிறகு இங்கே எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறார்கள். நானும் மேலிருந்து பார்த்திருக்கிறேன், பல மாதம். ஒன்றும் புரியாமல்.

என் மகன் போன் செய்தான். "அப்பாவை இப்படி அசிங்கப்படுத்தணுமாம்மா?" என்றான். "அப்பாவோட பழைய சட்டை உன்கிட்ட ஒண்ணு இருக்கே, அதுல பையை அளந்து பாரு" என்றேன். இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. கதை கற்பனை அல்ல என்று நானே ஒப்புக்கொண்டதால் படைப்புப் பிரிவில் அதைச் சேர்க்க முடியாது என்று ஒருங்கிணைப்பாளர் வருத்தத்தோடு தெரிவித்திருக்கிறார். பூட்டை மாற்றிவிட்டேன். மூன்று சாவியும் என் கையில்.

இப்போது எனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். டாக்சி ஐந்துக்குப் போனதாகப் பதிவேட்டில் இருக்கிறது. உள்ளே ஒருவர் இருந்தாரா, இருவரா என்று வாட்ச்மேனுக்கு ஞாபகம் இல்லை. உன் வீட்டுக்காரரின் கார் ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு வெளியே போய், இரவில் திரும்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லாரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர் கார் அதன் பின்னால் போனது. ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. பின்சீட்டில் ஏதோ இருந்தது என்கிறார் வாட்ச்மேன். "மூட்டையா, ஆளா தெரியலம்மா, தலைவலின்னு படுத்திருந்தா எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சு" என்றார். அவரை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னார்.

நேற்றுக் காலை உன் எண்ணிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. "அம்மா, நான் வீட்டுக்கே திரும்பி வந்துட்டேன். எல்லாம் சரியாயிடுச்சு. அவரு நல்லாப் பாத்துக்கிறாரு. இனி எங்களுக்காகக் கஷ்டப்படாதீங்க." உன் போன் அவரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இதை அவரே தட்டியிருக்கலாம். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உன் விரலே தட்டியிருக்கலாம். இரண்டில் எது என்று அந்தச் செய்தியை எத்தனை தடவை படித்தாலும் தெரியவில்லை. நான் பதில் அனுப்பவில்லை. உன் அக்காவின் போனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நான் சொன்னபடியே அணைத்து வைத்திருக்கிறாள்.

காவல் நிலையத்துக்குப் போனேன். பெரியவர் ஒருவர் மரியாதையாக உட்காரவைத்து, "புருஷன் பொஞ்சாதி வீடு மாறிப் போயிருக்காங்க, செய்தியும் அனுப்பியிருக்காங்க, நாங்க என்னம்மா பண்றது?" என்றார். எழுத்தில் ஒரு புகார் கொடுத்து, அதற்கு ரசீது வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். எட்டு நாள் பார்க்கலாம் என்றார்.

நீ அங்கே இருந்தால், இந்தக் கடிதம் கிடைத்ததும் பேனாவை எடு. போனில் பேசாதே. செய்தி அனுப்பாதே. யார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான்கு வாரமாக உன் எழுத்தைப் படித்திருக்கிறேன். பயந்து எழுதும்போது உன் வரிகள் வலப்பக்கம் இறங்கும். அது எனக்குத் தெரியும்.

நீண்ட கடிதம் வேண்டாம். வந்து சேர்ந்தேன், இல்லை, இரண்டில் எது என்று உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.